லிஸ்பன் முதல் ஹெல்சின்கி வரை: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஐரோப்பாவின் தென்மேற்கு ஓரத்தில், தேஜோ ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்தில் லிஸ்பன் இருக்கிறது. வடகிழக்கு ஓரத்தில், பின்லாந்து வளைகுடாவின் வடகரையில் ஹெல்சின்கி இருக்கிறது. இந்த இரு தலைநகரங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று தேடினால், 3,360 கிலோமீட்டர் என்று ஓரிடத்திலும், 3,394 என்று இன்னோரிடத்திலும், 4,000-க்கு மேல் என்று வேறோரிடத்திலும் விடை கிடைக்கும். நேரத்தைப் பற்றிக் கேட்டாலும் நாலரை மணி, ஐந்து மணி, ஏழு மணி என்று பல விடைகள் வரும். இவற்றில் எதுவும் தவறில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான விடை. எந்தக் கேள்வியை நாம் கேட்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால், எஞ்சியதைக் கைப்பேசியில் உள்ள கணிப்பானைக் கொண்டே முடித்துவிடலாம்.

இந்த இரு நகரங்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பூமியின் வளைவும், காற்றின் போக்கும், கடிகார வேறுபாடும் தெளிவாகப் புலப்படும் அளவுக்கு இவற்றின் இடைவெளி நீளமானது. அதே நேரத்தில் இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளும், எல்லைச் சோதனையின்றி நாடு விட்டு நாடு செல்லக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள்ளும் இருப்பதால், எல்லைச் சிக்கல்கள் கணக்கைக் குழப்புவதில்லை. இங்கே காட்டப்படும் முறையை ஐரோப்பாவின் வேறு எந்த இரு நகரங்களுக்கும் அப்படியே பயன்படுத்தலாம்.

முதல் படி: எந்த இரு புள்ளிகள் என்று முடிவு செய்தல்

நகரம் என்பது ஒரு புள்ளி அன்று. வரைபடச் செயலிகள் பெரும்பாலும் நகர மையத்தை எடுத்துக்கொள்கின்றன. விமானப் போக்குவரத்துக் கணக்குகள் விமான நிலையத்தை எடுத்துக்கொள்கின்றன. லிஸ்பனில் இது பெரிய வேறுபாட்டைத் தராது, ஏனெனில் உம்பெர்ட்டு டெல்காடு விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே, மையத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டரில் இருக்கிறது. (தேஜோவின் மறுகரையில் அல்கோஷெட்டே பகுதியில் புதிய விமான நிலையம் கட்டப்படும் என்று போர்ச்சுகல் அரசு 2024 மே மாதம் அறிவித்தது, அது பயன்பாட்டுக்கு வரும் காலத்தில் இந்தக் கணக்கின் முதல் புள்ளியே மாறிவிடும்.) ஹெல்சின்கியின் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே வாண்டா என்னும் அண்டை நகரத்தில் இருக்கிறது, 1952 ஒலிம்பிக் போட்டிகளுக்காகத் திறக்கப்பட்ட அதற்கு இன்று மூன்று ஓடுபாதைகள் உள்ளன.

பறக்கும் நேரம் வேண்டுமென்றால் விமான நிலையங்களையே புள்ளிகளாகக் கொள்ள வேண்டும். லிஸ்பன் விமான நிலையம் 38.774 பாகை வடக்கு அட்சரேகையிலும் 9.134 பாகை மேற்கு தீர்க்கரேகையிலும் உள்ளது. ஹெல்சின்கி விமான நிலையம் 60.317 பாகை வடக்கிலும் 24.963 பாகை கிழக்கிலும் உள்ளது. மேற்குத் தீர்க்கரேகைக்கு எதிர்க்குறி இட வேண்டும் என்பதை மறந்தால் முழுக் கணக்கும் பாழாகும். ஐரோப்பாவில் லண்டனுக்கு மேற்கே உள்ள நகரங்களைக் கணக்கிடும்போது மிகுதியாக நேரும் பிழை இதுதான். ஆகவே இரண்டுக்கும் இடையிலான தீர்க்கரேகை வேறுபாடு 24.963 உடன் 9.134-ஐக் கூட்டி வருகிற 34.097 பாகை, கழித்து வருகிற எண் அன்று.

இரண்டாம் படி: பெருவட்டத் தூரம்

உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோடு, அந்த உருண்டையின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு பகுதி. இதனைப் பெருவட்டம் என்கிறோம். இதன் நீளத்தைக் காணும் எளிய வழி பின்வருமாறு. இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்க வேண்டும். பிறகு இரு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைன் மதிப்பையும் ஒன்றாகப் பெருக்க வேண்டும். இரண்டு பெருக்கல்களின் விடைகளையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை எந்தக் கோணத்தின் கொசைன் என்று கண்டுபிடித்தால், பூமியின் மையத்திலிருந்து பார்க்கையில் இரு நகரங்களுக்கும் இடையே உள்ள கோணம் கிடைக்கும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 38.774 பாகையின் சைன் 0.6263, 60.317 பாகையின் சைன் 0.8688, இரண்டின் பெருக்கல் 0.5441. கொசைன் மதிப்புகள் முறையே 0.7796, 0.4952, தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைன் 0.8281, மூன்றின் பெருக்கல் 0.3197. கூட்டுத்தொகை 0.8638. இதற்குரிய கோணம் ஏறத்தாழ 30.25 பாகை. பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று கொண்டால், ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வரும். பெருக்கினால் 3,364 கிலோமீட்டர். கடல்மைலில் சொன்னால் சுமார் 1,817. விமானிகளும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களும் கடல்மைலில்தான் பேசுவார்கள். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர்.

நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு இதே கணக்கைச் செய்தால் சுமார் 3,360 கிலோமீட்டர் வரும். லிஸ்பனில் சில கிலோமீட்டர் கூடினாலும், ஹெல்சின்கி மையம் விமான நிலையத்துக்குத் தெற்கே இருப்பதால் அதைவிடச் சற்று அதிகமாகவே குறைந்துவிடுகிறது. மிக அருகருகே உள்ள நகரங்களுக்கு இந்தச் சூத்திரத்தில் தசமப் பிழை மிகுந்துவிடும். அங்கே, சிறு தூரங்களிலும் துல்லியம் குறையாத ஹாவர்சைன் என்னும் வேறொரு சூத்திரம் மேலானது. ஐரோப்பியத் தலைநகரங்களுக்கு இடையிலான தூரங்களுக்கு மேற்சொன்ன முறையே போதும்.

பூமி துல்லியமான கோளம் அன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. அதனால் கோளக் கணக்குக்கும் நுட்பமான நீள்கோளக் கணக்குக்கும் இடையே அரை விழுக்காட்டுக்குள் வேறுபாடு எழலாம். இரண்டு இணையக் கருவிகள் சில கிலோமீட்டர் வேறுபட்ட விடை தந்தால், பெரும்பாலும் காரணம் இதுவே. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: அந்தக் கோடு எதன் மேல் செல்கிறது என்று பார்த்தல்

தூரத்தைக் கண்டதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கோடு எந்த நாடுகளின் மேல் செல்கிறது என்பதையும் பார்த்தால்தான் பறக்கும் நேரம் ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது என்பது விளங்கும்; எனவே இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

சுவர்களில் தொங்கும், உருண்டையான பூமியைச் செவ்வகமாக விரித்துக் காட்டும் மெர்கேட்டர் வரைபடத்தில் லிஸ்பனையும் ஹெல்சின்கியையும் அடிக்கோலால் இணைத்தால், அந்தக் கோடு கிட்டத்தட்டச் சரியாக வடகிழக்கை, அதாவது 45 பாகையை நோக்கி இருக்கும். திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு செல்லும் இந்தப் பாதையின் நீளம் 3,394 கிலோமீட்டர். தொடக்கத்தில் கண்ட எண்களில் ஒன்று இதிலிருந்துதான் வருகிறது. பெருவட்டப் பாதையோ லிஸ்பனிலிருந்து 33 பாகையில், அதாவது வடக்கை ஒட்டிய வடகிழக்கில் புறப்பட்டு, சிறிது சிறிதாகக் கிழக்கே திரும்பி, ஹெல்சின்கியை 60 பாகையில் சென்றடைகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 30 கிலோமீட்டர், ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பசிபிக் கடலைத் தாண்டும் பயணங்களில் இவ்வேறுபாடு மிகப் பெரிதாக வளரும். ஐரோப்பாவுக்குள் அது சிறியதாகவே இருக்கும்.

பெருவட்டப் பாதையில் கால் பங்கு தூரம் சென்ற இடம் 44.95 பாகை வடக்கு, 3.25 பாகை மேற்கு. அது ஸ்பெயினின் வடகரையைத் தாண்டிய பிஸ்கே விரிகுடா. அங்கிருந்து பிரான்சுக்குள் நுழைந்து, கார்ப் பந்தயத்துக்குப் பெயர்பெற்ற லெ மான் நகரை ஒட்டிச் சென்று, பாரிசை வலப்புறம் விட்டு, சரியாகப் பாதி வழியில் பிரஸ்ஸல்ஸ் நகருக்குச் சற்றுத் தென்மேற்கே வருகிறது. லிஸ்பனுக்கும் ஹெல்சின்கிக்கும் ஏறக்குறைய நடுவில் பிரஸ்ஸல்ஸ் இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஒன்றியத்தின் தலைமையகம் இரு மூலைகளுக்கும் சம தூரத்தில் அமைந்துவிட்டது. பிறகு வட ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் பகுதி, டென்மார்க், முக்கால் பங்கு தூரத்தில் ஸ்வீடனின் தென்முனையில் மால்மோ நகருக்கு வடக்கே, அதன்பின் பால்டிக் கடல், முடிவில் பின்லாந்து.

இத்தனை நாடுகளின் வான்வெளி என்றால், இத்தனை கட்டுப்பாட்டு மையங்களின் கை மாறல் என்று பொருள். பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், வடமேற்கு ஜெர்மனி ஆகியவற்றின் மேல் 24,500 அடிக்கு உயரே உள்ள வான்வெளியை மாஸ்ட்ரிக்ட் நகரிலுள்ள, யூரோகண்ட்ரோல் என்னும் ஐரோப்பிய வான்போக்குவரத்து அமைப்பின் மையம் ஒன்றே கவனிக்கிறது. ஐரோப்பாவின் மிக நெரிசலான வான்பகுதிகளில் அதுவும் ஒன்று. பிரான்சின் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாளில், பிரான்சில் இறங்காத இந்த விமானமும் தாமதமாகலாம் அல்லது சுற்றிச் செல்ல நேரிடலாம். பயண நாளுக்கு முன்பு பிரான்சின் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று லிஸ்பன் பயணிக்குச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். மேலே கண்ட பாதை அதற்கான காரணத்தைக் காட்டுகிறது.

நான்காம் படி: விமானம் உண்மையில் பறக்கும் தூரம்

எந்த விமானமும் பெருவட்டத்தில் இம்மியும் பிசகாமல் பறப்பதில்லை. ஓடுபாதை இருக்கும் திசையில்தான் எழும்ப வேண்டும். குறித்த வழியில்தான் வெளியேற வேண்டும். இராணுவப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகளைச் சுற்ற வேண்டும். இறங்குமிடத்தில் மற்ற விமானங்களோடு வரிசையில் சேர வேண்டும். லிஸ்பனில் வடக்கிலிருந்து வீசும் காற்றே மிகுதி என்பதால் விமானங்கள் பெரும்பாலும் வடக்கு நோக்கி எழும்பும். ஹெல்சின்கிக்குச் செல்பவர்களுக்கு இது வாய்ப்பானது, திரும்பிச் சுற்ற வேண்டியதில்லை. மறுபுறம், ஹெல்சின்கியிலிருந்து வருபவர்கள் நகரைக் கடந்து தெற்கே சென்று திரும்பி, லிஸ்பனின் கூரைகளுக்கு மேல் வடக்கு நோக்கி இறங்க வேண்டியிருக்கும்.

போர்ச்சுகல் 2009-இல் தன் வான்வெளியில் நிலையான வழித்தடங்களை நீக்கி, நுழையும் புள்ளியிலிருந்து வெளியேறும் புள்ளிக்கு நேராகப் பறக்க அனுமதித்தது. ஐரோப்பாவில் இதை முதலில் முழுமையாகச் செய்த நாடு அதுவே. பிறகு மற்ற நாடுகளும் பின்பற்றியதால் சுற்று குறைந்திருக்கிறது. ஆயினும் திட்டமிடுவதற்கு, பெருவட்டத் தூரத்தோடு 4 விழுக்காடு கூட்டிக்கொள்வது நல்ல வழக்கம். 3,364-உடன் 4 விழுக்காட்டைக் கூட்டினால் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர்.

ஐந்தாம் படி: காற்றில்லாத நிலையில் பறக்கும் நேரம்

இவ்வகைப் பாதைகளில் பெரும்பாலும் ஏர்பஸ் 320 குடும்பம் அல்லது அதையொத்த ஒற்றை நடைபாதை விமானங்களே பறக்கின்றன. அவை சுமார் 11 கிலோமீட்டர் உயரத்தில் ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு வேகத்தில் செல்கின்றன. அந்த உயரத்தின் கடுங்குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,062 கிலோமீட்டர். எனவே விமானத்தின் வேகம் சுமார் 830 கிலோமீட்டர்.

3,500-ஐ 830-ஆல் வகுத்துவிட்டு நிறுத்தினால் 4 மணி 13 நிமிடம் என்று வரும்; அது தவறான விடை. மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் விமானம் இந்த வேகத்தில் செல்வதில்லை. மேலேற 20 நிமிடமும் அதற்குள் 200 கிலோமீட்டரும் கழியும் என்று கொள்ளலாம். கீழிறங்குவதற்கு விமானிகள் கைக்கொள்ளும் ஒரு பழைய கணக்கு உண்டு: இறங்க வேண்டிய ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் 3 கடல்மைல் வேண்டும். 36,000 அடியிலிருந்து இறங்க 108 கடல்மைல், அதாவது 200 கிலோமீட்டர். வேகம் குறைந்துகொண்டே வருவதால் 25 நிமிடம். இடையில் எஞ்சும் 3,100 கிலோமீட்டரை 830 வேகத்தில் கடக்க 3 மணி 44 நிமிடம். மூன்றையும் கூட்டினால், சக்கரம் தரையை விட்டு எழும்பியதிலிருந்து மீண்டும் தரையைத் தொடும் வரை 4 மணி 29 நிமிடம். காற்றே வீசாத நாளுக்குரிய கணக்கு இது. அப்படி ஒரு நாள் அந்த உயரத்தில் அரிது.

ஆறாம் படி: காற்றைச் சேர்த்தல்

ஐரோப்பாவின் அட்சரேகைகளில் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே விரைகாற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அது வலுக்கும், கோடையில் தளரும். நம் பாதை நேர்க்கிழக்கு அன்று, வடகிழக்கு. ஆகவே மேற்குக் காற்றின் முழு வலுவும் விமானத்துக்குக் கிடைக்காது, ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு மட்டுமே பாதையின் திசையில் உதவும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மேற்குக் காற்று வீசினால் சுமார் 40 கிலோமீட்டர் பின்காற்றாகக் கிடைக்கும் என்று கொள்வோம்.

அப்போது தரைவேகம் 870. 3,100 கிலோமீட்டரைக் கடக்க 3 மணி 34 நிமிடம். அதாவது 10 நிமிடம் மிச்சம். திரும்பி வரும்போது அதே காற்று எதிர்காற்றாகி, தரைவேகம் 790 ஆகும்; 3 மணி 55 நிமிடம். 11 நிமிடம் நட்டம். போகையில் கிடைத்த ஆதாயம் வருகையில் ஏற்படும் நட்டத்தை ஒருபோதும் ஈடுகட்டாது, ஏனெனில் எதிர்காற்றில் விமானம் கழிக்கும் நேரம் அதிகம். காற்று வலுக்க வலுக்க இந்த ஏற்றத்தாழ்வு கூடும். பாதையின் திசையில் மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வீசும் குளிர்கால நாளில், போகையில் மிஞ்சுவது 28 நிமிடம், வருகையில் கூடுவது 38 நிமிடம். ஒரே பாதைக்கு இரண்டு நேரங்கள் ஏன் குறிக்கப்படுகின்றன என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை.

மிதமான காற்றுள்ள நாளை எடுத்துக்கொண்டால், லிஸ்பனிலிருந்து ஹெல்சின்கிக்குப் பறக்கும் நேரம் 4 மணி 19 நிமிடம். திரும்புகையில் 4 மணி 40 நிமிடம்.

ஏழாம் படி: பயணச்சீட்டில் உள்ள நேரம்

பயணச்சீட்டு சொல்வது பறக்கும் நேரத்தை அன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து மறுமுனையில் நிறுத்துமிடத்தில் நிற்கும் வரையிலான நேரத்தையே அது சொல்கிறது. ஆகவே ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரத்தையும் இறங்கியபின் வாயிலை அடையும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், போகையில் 4 மணி 40 நிமிடம், வருகையில் 5 மணி. இந்தப் பாதையின் அட்டவணைகளில் காணும் நேரங்கள் இதை ஒட்டியே இருக்கும்.

இந்த 20 நிமிடம் சராசரிதான். லிஸ்பனில் ஒரே ஓடுபாதை இயங்குவதால், காலை நெரிசலில் வரிசையில் காத்திருக்க நேரும். ஹெல்சின்கியில் ஓடுபாதைகள் போதிய அளவு உள்ளன. ஆனால் குளிர்காலத்தில் புறப்படும் முன் இறக்கைகளின் மேல் படிந்த பனியையும் உறைபனியையும் மருந்து கலந்த நீரால் நீக்குவார்கள், அதற்குத் தனி நேரம் ஆகும். இறக்கையின் மேல் உறைபனி இருக்கையில் எழும்புவது உயிருக்கு ஆபத்து என்பதால் இதில் எவரும் அவசரப்படுவதில்லை. பயணிகளும் பொறுமை காக்க வேண்டும்.

எட்டாம் படி: கடிகாரம்

போர்ச்சுகலின் பெருநிலப்பகுதி குளிர்காலத்தில் உலகப் பொதுநேரத்தைப் பின்பற்றுகிறது. பின்லாந்து அதைவிட 2 மணி நேரம் முன்னே இருக்கிறது. இரு நாடுகளும் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்றும் ஒரே கணத்தில் கடிகாரத்தை மாற்றுவதால், ஆண்டு முழுவதும் இந்த 2 மணி நேர வேறுபாடு மாறாது. (1992 முதல் 1996 வரை போர்ச்சுகல் மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றியது, அந்த ஆண்டுகளில் மட்டும் வேறுபாடு 1 மணி நேரமாக இருந்தது.)

லிஸ்பனில் காலை 10 மணிக்குப் புறப்பட்டால், 4 மணி 40 நிமிடம் கழித்து லிஸ்பன் கடிகாரம் பிற்பகல் 2.40 காட்டும்போது ஹெல்சின்கியில் மாலை 4.40 ஆகியிருக்கும். பயணச்சீட்டின் இரு நேரங்களையும் கழித்துப் பார்ப்பவருக்கு 6 மணி 40 நிமிடப் பயணம்போல் தோன்றும்; தேடலில் வரும் ஏழு மணி என்ற விடை இப்படி உண்டாவது. திரும்புகையில் ஹெல்சின்கியில் மாலை 5.30-க்குப் புறப்பட்டு, 5 மணி நேரம் பறந்து, லிஸ்பனில் இரவு 8.30-க்கு இறங்குவீர்கள், கடிகாரத்தின்படி 3 மணி நேரம்தான். ஆகவே முதலில் இரு நேரங்களையும் ஏதேனும் ஒரு நகரத்தின் நேரத்துக்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகே கழிக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: நேர் விமானம் கிடைக்காதபோது

நேர் விமானம் எல்லா நாளும் இருக்காது. அப்போது இணைப்பு விமானத்தைத் தேட வேண்டும். இங்கேதான் பெருவட்டக் கணக்கு நன்றாகப் பயன்படுகிறது. லிஸ்பனிலிருந்து பிராங்க்ஃபர்ட் 1,874 கிலோமீட்டர், அங்கிருந்து ஹெல்சின்கி 1,538, மொத்தம் 3,412. நேர்வழியைவிட 48 கிலோமீட்டர் மட்டுமே அதிகம். கோபன்ஹேகன், பிரஸ்ஸல்ஸ் போன்ற நகரங்களும் பாதையிலேயே இருப்பவை. இஸ்தான்புல் வழியாகச் சென்றாலோ 3,212 உடன் 2,133 சேர்ந்து சுமார் 5,345 கிலோமீட்டர். நேர்வழியின் ஒன்றரை மடங்குக்கும் மேல். விலை குறைவாக இருக்கலாம். ஒரு நாளின் பெரும்பகுதி கழிந்துவிடும்.

பிராங்க்ஃபர்ட் வழியில் தூரம் கூடாவிட்டாலும் நேரம் கூடும். மேலேறுவதும் இறங்குவதும் ஊர்ந்து செல்வதும் இருமுறை நிகழ்கின்றன; இடையில் காத்திருப்பும் உண்டு. எனவே இணைப்புப் பயணத்தைத் தூரத்தால் அளக்காமல், இடைத்தங்கலின் நீளத்தால் அளக்க வேண்டும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லிஸ்பனும் ஹெல்சின்கியும் பிராங்க்ஃபர்ட்டும் ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால், செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் இடையில் குடிவரவுச் சோதனை இல்லை. லண்டன் வழியாகச் சென்றால் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறீர்கள். பிரிட்டனின் இடைவழி விசா விதிகள் தனியானவை, ஷெங்கன் விசா ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிப்பதாக இருந்தால் திரும்ப நுழையவும் முடியாது. சீட்டை வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுவது அவசியம்.

பத்தாம் படி: தூரம் சட்டமாக மாறும் இடம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற எண்ணுள்ள ஒழுங்குமுறை, விமானம் இரத்தானாலோ இடம் மறுக்கப்பட்டாலோ பயணிக்குரிய இழப்பீட்டைத் தூரத்தை வைத்தே தீர்மானிக்கிறது. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. ஒன்றியத்துக்குள் அதற்கு மேற்பட்ட எல்லாப் பயணங்களுக்கும் 400 யூரோ. அந்தத் தூரத்தைப் பெருவட்ட முறையில்தான் அளக்க வேண்டும் என்று ஒழுங்குமுறையே சொல்கிறது. 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தாலும் இழப்பீடு உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. அசாதாரணச் சூழல் காரணமாயின் விலக்கு உண்டு.

இணைப்பு விமானத்தில் எந்தத் தூரம் என்ற கேள்வி 2017-இல் அந்த நீதிமன்றத்தின் முன் வந்தது. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் சென்ற பயணிகளின் வழக்கு அது. இரண்டு கட்டங்களையும் கூட்டினால் 1,656 கிலோமீட்டர். ரோமிலிருந்து ஹாம்பர்க் நேராக 1,326. நேர்த்தூரமே செல்லும் என்று நீதிமன்றம் கூறியதால், பயணிகளுக்குக் குறைந்த தொகையே உரியதாயிற்று. சேர்ந்த நேரம் எது என்பதையும் 2014-இல் அதே நீதிமன்றம் வரையறுத்தது: சக்கரம் தரையைத் தொட்ட நேரமன்று, விமானத்தின் ஒரு கதவேனும் திறக்கப்பட்ட நேரம். ஆகவே 3 மணி நேரத்தை ஒட்டிய தாமதத்தில் சிக்கியவர்கள், கதவு திறந்த நேரத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. இந்த ஒழுங்குமுறையைத் திருத்தும் பேச்சு நடந்துவந்திருப்பதால், பயணம் செய்யும் காலத்தில் நடப்பிலுள்ள விதியைப் படித்துப் பார்க்கவும்.

பதினொன்றாம் படி: வாசலிலிருந்து வாசல் வரை

லிஸ்பனின் பழைய மையத்திலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோவில், ஒருமுறை வண்டி மாறி, அரை மணி நேரத்தில் சேரலாம். சிவப்புப் பாதை 2012-இல் விமான நிலையம் வரை நீட்டப்பட்டது. செக்-இன், பாதுகாப்புச் சோதனை ஆகியவற்றுக்கு 2 மணி நேரம். விமானத்தில் 4 மணி 40 நிமிடம். இறங்கி, பெட்டியை எடுத்து, ரயில் நிலையம் வர 40 நிமிடம். ஹெல்சின்கியில் 2015-இல் திறக்கப்பட்ட சுற்று ரயில் பாதையில் நகர மைய நிலையத்துக்கு அரை மணி நேரம், வண்டிக்காகக் காத்திருக்க 10 நிமிடம். மொத்தம் 8 மணி 30 நிமிடம். 3,360 கிலோமீட்டரை இந்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு சுமார் 395 கிலோமீட்டர். 830-இல் பாதிகூட இல்லை. ஒரு நாள் வேலைக்காகச் செல்பவர் திட்டமிட வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான்.

தரைவழியில் செல்வதானால் தூரம் 4,000 கிலோமீட்டரைத் தாண்டும். தாலினிலிருந்து பின்லாந்து வளைகுடாவைக் கடக்கும் சுமார் 80 கிலோமீட்டரைக் கப்பலில்தான் செல்ல வேண்டும். அல்லது ஜெர்மனியின் டிராவமுண்டே துறைமுகத்தில் கப்பலேறி, ஏறக்குறைய 30 மணி நேரக் கடற்பயணத்தில் ஹெல்சின்கியை அடையலாம். ரயிலில் இரு நகரங்களையும் ஒரே வண்டியில் இணைக்க வழியே இல்லை. போர்ச்சுகலின் தண்டவாள அகலம் 1,668 மில்லிமீட்டர், பிரான்சிலும் ஜெர்மனியிலும் 1,435, பின்லாந்தில் 1,524. லிஸ்பனிலிருந்து மாட்ரிட்டுக்கும் பிரான்சின் எல்லைக்கும் ஓடிய இரவு ரயில்கள் 2020-இல் நிறுத்தப்பட்டதும் இந்தப் பயணத்தைக் கடினமாக்கிவிட்டது.

வேறு நகரங்களுக்கு இதே முறை

மேற்கண்ட படிகளைச் சுருக்கி ஒரு விரைவுக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். பெருவட்டத் தூரத்தோடு 4 விழுக்காடு கூட்டி, 830-ஆல் வகுத்து, மேலேற, இறங்க, ஊர்ந்து செல்ல என்று 37 நிமிடம் சேர்க்க வேண்டும். லிஸ்பன்–மாட்ரிட் இணையில் இதைச் சோதிப்போம். விமான நிலையங்களுக்கு இடையே 513 கிலோமீட்டர். 4 விழுக்காடு கூட்டினால் 534. வகுத்தால் 39 நிமிடம். 37 சேர்த்தால் 1 மணி 16 நிமிடம். அட்டவணைகளில் அந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ இவ்வளவுதான் குறிக்கப்படுகிறது. மாட்ரிட் கடிகாரம் லிஸ்பனைவிட 1 மணி நேரம் முன்னே இருப்பதால், போகையில் 2 மணி 16 நிமிடம் ஆனதுபோலவும், வருகையில் கால் மணி நேரத்தில் வந்துவிட்டதுபோலவும் சீட்டில் தோன்றும். கிழக்கு–மேற்காகச் செல்லும் நீண்ட பாதைகளில் இந்த விடையோடு, காற்றுக்காகக் கிழக்கே போகையில் சில நிமிடங்களைக் கழிக்கவும், மேற்கே வருகையில் அதைவிடச் சற்று அதிகமாகக் கூட்டவும் வேண்டும். வடக்கு–தெற்காகச் செல்லும் பாதைகளில் காற்றின் விளைவு சிறிதாகவே இருக்கும்.